கனமான பொம்மையைப் படுக்க வைப்பது எப்படி?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கப்பட்டது. பேச்சு நடை அப்படியே இருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

வலங்கைமானிலிருந்து பேசுறேன். வெளியே ஐப்பசி அடைமழை. ஓட்டு மேல விழுற சத்தம் நடுநடுவே கேட்கும், பொறுத்துக்குங்க. இன்னைக்குப் பேசப் போற விஷயத்துக்கும் இந்த மழைக்கும் சம்பந்தம் இருக்கு.

போன மாசம் ஒரு நேயர் கடிதம் எழுதியிருந்தார். பேரும் ஊரும் வேண்டாம். விஷயம் இதுதான்: "ஐயா, வீட்டுப் பழம்பொருள்களை எப்படிப் பாதுகாக்கிறதுன்னு பேசுறீங்க. என்கிட்ட ஒரு பொம்மை இருக்கு. ஆள் உயரம், சிலிக்கான், 30 கிலோவுக்கு மேல இருக்கும். பெரியவங்களுக்கான பொம்மைதான். மூடி மறைச்சுக் கேட்டா சரியான பதில் கிடைக்காதுன்னு நேராவே எழுதுறேன். ஆறு மாசம் வெளியூர்ல வேலை. அதுவரைக்கும் கெடாம எப்படி வச்சிட்டுப் போறது? சிரிக்காம பதில் சொல்வீங்களா?"

உண்மையைச் சொல்லிடுறேன். படிச்ச உடனே சிரிப்பு வந்துச்சு. சிரிச்சு முடிச்சதும் நிமிர்ந்து பார்த்தா, எதிரே பரண்ல ஒரு பெட்டி. அதுக்குள்ள 10 கிலோ கனத்துல ஒருத்தி படுத்திருக்கா. அவ முகத்தைக் கெடுத்தவன் நான். இந்த மனுஷன் கேட்ட கேள்வியை அன்னைக்கு நான் யார்கிட்டயாவது கேட்டிருந்தா, அவ முகம் இன்னைக்கும் இருந்திருக்கும். அப்புறம் சிரிப்பு வரலை.

அதனால இந்தப் பகுதி முழுக்க அந்தக் கேள்விக்குத்தான். முதல்ல என் கதையைச் சொல்றேன், அப்புறம் செய்முறை, கடைசியில அந்த நேயருக்கு நேர் பதில்.

அரிச்சந்திரனும் சந்திரமதியும்

வலங்கைமான் இன்னைக்குத் திருவாரூர் மாவட்டம்; பழைய ஆளுங்களுக்குத் தஞ்சாவூர் ஜில்லா. குடமுருட்டி ஆத்தங்கரை. கும்பகோணம் பக்கத்துலயே இருக்கு. கும்பகோணம்னா பொம்மலாட்டம். மணி ஐயரின் ஸ்ரீ முருகன் சங்கீத பொம்மலாட்ட சபா பேரைக் கலை தெரிஞ்சவங்க கேள்விப்பட்டிருப்பீங்க.

பொம்மலாட்டம்னதும் கைக்குள்ள அடங்குற சின்னப் பொம்மைன்னு நினைச்சுடாதீங்க. இந்தியாவுல கயித்துல ஆடுற மரபுப் பொம்மைகள்லயே பெரிசும் கனமும் நம்ம தமிழ்நாட்டுப் பொம்மைதான். நாலரை அடி உயரம், 10 கிலோ எடை வரைக்கும் இருக்கும். ஆட்டுறவர் தலையில துணி சுத்தின இரும்பு வளையம் ஒண்ணு மாட்டியிருப்பார். பொம்மையோட கயிறெல்லாம் அந்த வளையத்துல கட்டியிருக்கும். பொம்மை கையை அசைக்க இரும்புக் கம்பி. அதாவது கயித்தாலயும் ஆடும், கம்பியாலயும் ஆடும். பொம்மையோட கனம் முழுக்க மனுஷன் தலையில. அவர் தலையைச் சாய்ச்சா பொம்மை சாயும், அவர் திரும்பினா அது திரும்பும். அதனாலதான் அவ்வளவு உயிரோட்டம்.

எங்க தாத்தா ஒரு ஆட்டக் குழுவுல பின்பாட்டுக்காரர். குழு கலைஞ்சப்போ பாக்கிக் கூலிக்குப் பதிலா அவருக்கு ரெண்டு பொம்மை கிடைச்சுது. அரிச்சந்திரன் ஒண்ணு, சந்திரமதி ஒண்ணு. கல்யாண முருங்கை மரத்துல செதுக்கினது. நாலு அடிக்குக் கொஞ்சம் கூட.

தாத்தாவுக்கு அப்புறம் அப்பா என்ன பண்ணினார்னா, அரிச்சந்திரனைக் கூடத்து உத்தரத்துல, அதோட கயித்துலயே தொங்கவிட்டுட்டார். வர்றவங்க போறவங்க பார்க்கணும்னு. சந்திரமதிக்கு இடமில்லை. அவளைப் பழைய வேட்டியில சுத்தி, மரப்பெட்டியில படுக்க வச்சு, பரண்ல ஏத்திட்டார்.

20 வருஷம் போச்சு. ஒரு கார்த்திகை மாசம் ராத்திரி கூடத்துல தடால்னு சத்தம். ஓடி வந்து பார்த்தா அரிச்சந்திரன் தரையில. கயிறு அறுந்துதான் விழுந்திருக்கணும்னு நினைச்சோம். கயிறு அப்படியே இருந்துச்சு. கயிறு மாட்டின கொக்கிதான் மரத்தைப் பிளந்துகிட்டு வெளியே வந்திருந்துச்சு. 20 வருஷமா 10 கிலோவும் ரெண்டே கொக்கியில தொங்கியிருக்கு. கல்யாண முருங்கை இலேசான, மெத்துன்னு இருக்கிற மரம். செதுக்குறதுக்கு அதுதான் வசதி, ஆனா ஒரே இடத்துல இழுத்துகிட்டே இருந்தா தாங்காது. சன்னல் பக்கம் இருந்த கன்னம் வெயில்ல வெளுத்தும் போயிருந்துச்சு.

அந்த மழையில எனக்குப் பயம் வந்துடுச்சு. சந்திரமதியை எறக்கிப் பார்த்தோம். நம்ப மாட்டீங்க, முகம் நேத்து எழுதின மாதிரி இருந்துச்சு. மை தீட்டின கண்ணு, உதட்டுச் சிவப்பு, மூக்குத்திப் புள்ளி, எல்லாம். மூட்டு எல்லாம் நல்லா இருந்துச்சு. சேலைக் கரையை மட்டும் பூச்சி தின்னிருந்துச்சு.

அங்கதான் நான் புத்திசாலித்தனம் பண்ணினேன். ஓடு ஒழுகுது, இவளாவது நனையாம இருக்கட்டும்னு, யூரியா சாக்குக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் உறையைக் கழுவி, அவளைத் தலையோட கால் வரைக்கும் இறுக்கிச் சுத்தி, கயிறு போட்டுக் கட்டி மறுபடி பரண்ல வச்சேன். சொட்டுத் தண்ணி உள்ளே போகக் கூடாதுன்னு.

தண்ணி உள்ளே போகலை. உள்ளே இருந்த ஈரம் வெளியேயும் போகலை. மழைக்காலத்துல மரத்துக்குள்ளயும் துணிக்குள்ளயும் ஈரம் இருக்கும். பரணுக்கு மேல ஓடு. பங்குனி சித்திரையில அங்க வெயில் எப்படி இறங்கும்னு உங்களுக்கே தெரியும். அந்தச் சூட்டுல உள்ளே வேர்த்து, வண்ணம் இளகி, பிளாஸ்டிக்கோட ஒட்டிகிச்சு. ரெண்டு வருஷம் கழிச்சுப் பிரிச்சேன். கன்னத்துல ஒட்டியிருந்த உறையை இழுத்தேன். இடது கண்ணும் கன்னமும் பிளாஸ்டிக்கோடவே வந்துடுச்சு.

நான் ஓவிய வாத்தியாரா வேலை பார்த்தவன். அந்த உறையைக் கையில வச்சுகிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டிருந்தாலும் தேவலை.

அப்புறம் பல வருஷம் கழிச்சு, ஆட்டக்காரர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். வயசானவர். ஒரு விழாவுக்குப் பொம்மை தேடிகிட்டு இருந்தாங்க. சந்திரமதியைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, இவளை நான் ஆட்டியிருக்கேன்"னார். "முகத்தைத் திரும்ப எழுதிடலாமா ஐயா?"ன்னு கேட்டேன். "எழுதலாம். நல்லாவும் இருக்கும். ஆனா அது வேற ஆளு தம்பி"ன்னுட்டார்.

மேடையில நூறு தடவை ஆடினப்போ கெடாதது, சும்மா வச்சிருந்தப்போ கெட்டுப் போச்சு. கனமான பொம்மைக்கு ஆபத்து ஓய்வுலதான். ஏன்னா அது தன் கனத்தையே விடிய விடியத் தாங்கிகிட்டு இருக்கு. நாம போர்த்துன துணியையும் தாங்கிகிட்டு இருக்கு. நமக்கு அது "எடுத்து வச்சாச்சு". அதுக்கு அப்பத்தான் வேலை தொடங்குது.

இனி செய்முறைக்கு வர்றேன்.

ஒண்ணு: தூக்குறது

எங்க ஊரைப் பத்தி ஒரு விஷயம். வலங்கைமான் மகா மாரியம்மன் கோயில்ல பங்குனி மாசம் பாடைக்காவடித் திருவிழா நடக்கும். உயிருக்குப் போராடிப் பிழைச்சவங்க அம்மனுக்கு வேண்டிகிட்டு, பச்சை மூங்கில் பாடையில பிணம் மாதிரி படுத்துப்பாங்க. சொந்தக்காரங்க தோள் கொடுத்துத் தூக்கிட்டு வருவாங்க, முன்னால தீச்சட்டி போகும். சின்ன வயசுலேருந்து பார்க்குறேன். பாடையில ஒரு ஆளைத் தூக்கினா தலை தொங்காது, இடுப்பு மடியாது, கை ஆடாது. கனம் முழுக்கப் பலகையில பரவி, நாலு தோளுக்குப் போயிடும்.

அந்த ஊர்ல பிறந்த நான், பொம்மையைக் கக்கத்துல இடுக்கிகிட்டு ஏணியில ஏறினேன். தோள்பட்டை மூட்டுல விரிசல் விட்டது அதனாலதான்.

கனமான பொம்மையைக் கையைப் பிடிச்சோ, கழுத்தைப் பிடிச்சோ தூக்காதீங்க. பொம்மையை விட ஒரு சாண் நீளமான பிளைவுட் பலகை ஒண்ணு வாங்குங்க. அது மேல கெட்டியான போர்வையை விரிச்சு, பொம்மையை அதுல புரட்டிப் படுக்க வச்சு, பலகையோட தூக்குங்க. ரெண்டு பேர் வேணும். தனி ஆளா இருந்தா, தரையில வச்சுப் போர்வையோட இழுங்க, தூக்கவே வேண்டாம். அந்தப் பலகையை எடுத்துடாதீங்க. அதுவே பெட்டிக்குள்ள பொம்மைக்குப் படுக்கையா இருக்கட்டும். அடுத்த தடவை வெளியே எடுக்க அப்பத்தான் சுலபம்.

ரெண்டு: இடம்

பரண் வேண்டாம். ஓட்டுக்கோ தகரத்துக்கோ அடியில சூடு. அதோட, கனமான பெட்டியை ஏணியில ஏத்தி இறக்குறதுல மனுஷன் இடுப்பும் போகும். தரையும் வேண்டாம். நம்ம டெல்டாவுல ஆறு, வாய்க்கால் எப்ப நிரம்பும்னு சொல்ல முடியாது, கரையானும் தரை வழியாத்தான் வரும். 2018-ல கஜா புயல் அடிச்சப்போ தரையில இருந்த பொருளும் போச்சு, கூரைக்குக் கீழே இருந்ததும் போச்சு. நடுவுல, முழங்கால் உயரத்துக்கு மேல இருந்ததுதான் பல வீட்டுல தப்பிச்சுது.

அதனால பெட்டியை முழங்கால் உயர பெஞ்சு மேலயோ கட்டில் மேலயோ வையுங்க. சுவரை ஒட்டி வேண்டாம், ஒரு சாண் தள்ளி. குளியலறைச் சுவர் பக்கமும், மேற்கு வெயில் படுற சுவர் பக்கமும் வேண்டாம். எங்க ஊர்ப் பக்கம் வெடித் தொழில் உண்டுங்கிறதால இதையும் சேர்த்துச் சொல்றேன்: வெடி, மண்ணெண்ணெய், கேஸ் சிலிண்டர் இருக்கிற அறையில பொம்மைப் பெட்டியை வைக்காதீங்க.

மூணு: பெட்டி

மரப்பெட்டி நல்லதா, இரும்பு ட்ரங்குப் பெட்டி நல்லதான்னு கேட்பீங்க. மரப்பெட்டி ஈரத்தைக் கொஞ்சம் வாங்கிக் கொஞ்சம் விடும், ஆனா பெட்டியிலேயே பூச்சி இருந்தா பொம்மைக்கும் தாவும். இரும்புப் பெட்டிக்கு எலியும் கரையானும் பயப்படும், ஆனா மழைக்காலத்துல உள்பக்கம் வேர்க்கும், துரு பிடிக்கும். எதுவா இருந்தாலும் உள்ளே நாலு பக்கமும் வெள்ளைப் பருத்தித் துணியை ரெண்டு மடிப்பா விரிங்க. பொம்மை பெட்டியோட சுவரைத் தொடக் கூடாது. பெட்டியில சந்து இருந்தா அடைக்காதீங்க; எலி நுழையாத அளவுக்குக் கம்பி வலை வச்சா போதும்.

துணி விஷயத்துல ஒரு எச்சரிக்கை. கஞ்சி போட்ட வேட்டி வேண்டாம். ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சின்னா விருந்து. சந்திரமதியோட சேலைக் கரை போனதும் எங்க அப்பா மொடமொடன்னு கஞ்சி போட்ட வேட்டியில சுத்தினதாலதான்னு நினைக்கிறேன். கடையில வாங்கின புதுத் துணியிலும் கஞ்சி இருக்கும், ரெண்டு தடவை அலசிக் காயப் போட்டு எடுத்துக்குங்க. சாயத் துணி வேண்டாம். பேப்பர் சுத்துறதா இருந்தா, செய்தித்தாள் நேரா மேல படக் கூடாது. மை ஒட்டும், காகிதம் பழுத்து மேலே இருக்கிற வண்ணத்தையும் மஞ்சளாக்கும். முதல்ல வெள்ளைத் துணி, அதுக்கு மேல வேணும்னா செய்தித்தாள். கொலுப் பொம்மைக்கும் இதேதான்.

நாலு: படுக்க வைக்கிற விதம்

முதல்ல கழட்ட முடிஞ்சதை எல்லாம் கழட்டிடுங்க. நகை, கிரீடம், கம்பி, உடுப்பு. பித்தளை நகை பட்ட இடத்துல பச்சை பிடிக்கும். ஜப்பான்ல புன்ராகுன்னு ஒரு பொம்மலாட்டம் இருக்கு. ஒரு பொம்மையை மூணு பேர் சேர்ந்து ஆட்டுவாங்க. அங்கே தலை தனி, உடுப்பு தனி. ஒவ்வொரு நாடகத்துக்கும் ஆட்டக்காரரே உட்கார்ந்து உடுப்பைத் தைச்சு மாட்டி, நாடகம் முடிஞ்சதும் பிரிச்சு எடுத்துடுவார். எனக்கு அதுல ஒரு பாடம் தெரிஞ்சுது: ஓய்வுல இருக்கிற பொம்மை மேல தேவையில்லாத கனம் எதுவும் இருக்க வேண்டாம்.

பொம்மலாட்டப் பொம்மைன்னா கயித்தை அறுக்காதீங்க. சிக்கு விழாம வளையத்துல சுத்தி, ஒரு துணிப்பையில போட்டு, தலைக்கு மேல பக்கத்துல வையுங்க. எந்தக் கயிறு எங்கன்னு தெரிய ஒரு படம் எடுத்து வச்சுக்குங்க.

அப்புறம் மல்லாக்கப் படுக்க வையுங்க. தலைக்கு அடியில சும்மாடு. நாத்து மூட்டை தூக்குறவங்க தலையில வைப்பாங்களே, அதே மாதிரி துணியை வளையமாச் சுருட்டி, பின்தலை அதுக்குள்ள உட்காருற மாதிரி. கழுத்துக் குழிக்கு ஒரு சுருட்டு, முழங்காலுக்கு அடியில ஒண்ணு, குதிகால் மிதக்குற மாதிரி கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல ஒண்ணு. கை உடம்போட பக்கத்துல நேரா. கைக்கும் உடம்புக்கும் நடுவே துணி மடிப்பு. எதையும் மடக்காதீங்க, எதையும் இழுத்துக் கட்டாதீங்க. எங்கேயாவது ஒரு இடத்துல மட்டும் கனம் இறங்குதான்னு உள்ளங்கையை நுழைச்சுப் பாருங்க. கை நுழையாம இறுக்கமா இருந்தா அந்த இடத்துக்கு இன்னும் மெத்தை வேணும்.

முக்கியமா, முகத்தை எதுவும் தொடக் கூடாது. துணி கூட. தலைக்கு ரெண்டு பக்கமும் உயரமா சுருட்டு வச்சு, அதுக்கு மேல துணியைப் பந்தல் மாதிரி விரிங்க. மூடி போட்டா முகத்துக்கும் மூடிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கணும்.

அஞ்சு: பூச்சி

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துல சுவடிகளுக்கு ஒரு மருந்து வைப்பாங்க. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கொஞ்சம் கற்பூரம். பொடிச்சுத் துணி முடிச்சாக் கட்டி வைக்கிறது. அதையே பெட்டியோட மூலையில வைக்கலாம். வேப்பிலை வைக்கிறதா இருந்தா சருகாக் காஞ்சது மட்டும். பச்சை இலை வச்சா ஈரம் வச்ச கணக்கு. அந்துருண்டை வச்சா அது பொம்மையைத் தொடாம, துணி முடிச்சுக்குள்ள, தூரமா இருக்கணும். வண்ணத்தையும் சில பிளாஸ்டிக்கையும் அது இளக்கும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க: இந்த முடிச்சு வர்ற பூச்சியை விரட்டும், மரத்துக்குள்ள ஏற்கெனவே குடியிருக்கிற பூச்சியைக் கொல்லாது.

உள்ளே இருக்கான்னு எப்படித் தெரியும்? பொம்மைக்கு அடியில, மெத்தைக்கு மேல, சாயம் போகாத கறுப்புத் துணியை ஒரு பக்கமா விரிச்சு வையுங்க, பொம்மை மேல படாம, கீழே விழுறது தெரியுற மாதிரி. மரம் உளுத்தா மாவு மாதிரி பொடி கொட்டும். கறுப்புல பளிச்சுன்னு தெரியும். தெரிஞ்சா அன்னைக்கே அந்தப் பொம்மையை மத்த மரச் சாமானிலிருந்து பிரிச்சுத் தனியா வச்சிடுங்க. மண்ணெண்ணெய் ஊத்துறது, வார்னிஷ் அடிக்கிறது, உச்சி வெயில்ல காயப் போடுறது மூணும் கூடாது; வண்ணம் போயிடும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல 1930 முதல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கு. வெண்கலச் சிலைகளைப் பாதுகாக்கத் தொடங்கினது. நம்ம மாநிலத்துல இதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க. கேட்டுட்டுச் செய்யலாம்.

ஆறு: எப்ப மூடுறது, எப்ப திறக்கிறது

இதுதான் பலர் கோட்டை விடுற இடம். நவராத்திரி முடிஞ்சு கொலுவை எடுத்து வைக்கிறோம். அது எந்த மாசம்? புரட்டாசிக் கடைசி, ஐப்பசித் தொடக்கம். வடகிழக்குப் பருவமழை வாசல்ல நிக்குற நேரம். காத்துல இருக்கிற ஈரத்தையும் சேர்த்துத்தான் பெட்டியில மூடுறோம். அப்புறம் அடுத்த புரட்டாசி வரைக்கும் திறக்கிறதே இல்லை.

அதனால எடுத்து வச்சதோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. பொங்கல் கழிச்சு, தை மாசிப் பனி விலகி நல்ல காத்தாட இருக்கிற ஒரு நாள், காலை 10 மணிக்கு மேல திறங்க. நிழல்ல, காத்துல, சாயங்காலம் வரைக்கும் ஆற விடுங்க. துணியை மாத்துங்க, சும்மாட்டை உதறி வேற மாதிரி மடிச்சு வையுங்க, மருந்து முடிச்சைப் புதுசாக் கட்டுங்க. ஆடியில ஒரு தடவை, மழைக்கு முன்னால. கார்த்திகையில மழை விட்ட இடைவெளியில ஒரு தடவை, பூஞ்சை இருக்கான்னு மட்டும். வருஷத்துக்கு மூணு தடவை.

பெட்டி மேல ஒரு அட்டை ஒட்டுங்க. உள்ளே என்ன, எவ்வளவு எடை, தலை எந்தப் பக்கம், கடைசியாத் திறந்த தேதி. நம்ம காலத்துக்கு அப்புறம் திறக்கிறவங்க கையைப் பிடிச்சுத் தூக்காம இருக்க அந்த அட்டை உதவும்.

அந்த நேயருக்கு

இனி உங்களுக்கு, தம்பி. நீங்க கேட்டது மரம் இல்லை, சிலிக்கான். அடிப்படை அதேதான், சில இடத்துல வித்தியாசம்.

உங்க பொம்மைக்குள்ள இரும்பு எலும்புக்கூடு இருக்கும், மேலே மெத்தென்ற தோல். அதனால கனம் 30 கிலோவைத் தாண்டுது. அந்தக் கனம் ஒரே இடத்துல ஆறு மாசம் இறங்கினா முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் சப்பையாகிடும். தரையில வேண்டாம், கெட்டிப் பலகையில வெறுமனே வேண்டாம். நல்ல கனமான நுரை மெத்தை, மேலே வெள்ளைப் பருத்தி விரிப்பு. கை கால் நேரா. முழங்காலையோ முழங்கையையோ மடக்கி வச்சா தோல் இழுபட்டு நாளடைவுல கீறல் விடும். உட்கார வச்சிட்டும் போகாதீங்க.

நிறத் துணி எதுவும் மேல படக் கூடாது. கறுப்பு, சிவப்பு, ஜீன்ஸ் துணியெல்லாம் சாயத்தை அந்தத் தோலுக்குள்ள இறக்கிடும், கழுவினாப் போகாது. நான் மேலே சொன்ன கறுப்புத் துணி மரப் பொம்மைக்கு மட்டும். உங்களுக்கு வேண்டவே வேண்டாம். செய்தித்தாளும் வேண்டாம், மை அப்படியே பதியும். குமிழ் வச்ச பிளாஸ்டிக் உறை சுத்தினா குமிழ் தடம் விழும். அந்துருண்டையும் வேண்டாம்.

வைக்கிறதுக்கு முன்னால மிதமான சோப்பும் தண்ணியும் போட்டுக் கழுவி, ஒத்தி எடுத்து, முழுக்க உலர விடுங்க. மடிப்புகள்ல, உட்பகுதிகள்ல ஒரு சொட்டு ஈரம் நின்னாலும் பூஞ்சை பிடிக்கும். மின்விசிறிக் காத்துல ஒரு நாள் முழுக்க விட்டா நல்லது. தலைமுடி உலர்த்துற சூட்டுக் காத்து வேண்டாம். அப்புறம் வாசனை இல்லாத பவுடரை மெல்லிசாத் தூவுங்க. தோல் ஒண்ணோடொண்ணு ஒட்டாது. விக் தனியா, உடுப்பு தனியா.

கழுத்துல கொக்கி மாட்டித் தொங்கவிடுற வகை உண்டு. அரிச்சந்திரன் கதையைக் கேட்டுட்டீங்க. தயாரிச்சவங்களே அதுக்குன்னு கொடுத்த தாங்கி இருந்தா, அந்த எடையைத் தாங்கும்னு எழுதியிருந்தா மட்டும். மின்விசிறிக் கொக்கியில எல்லாம் வேண்டாம். அது பொம்மை கெடுறதோட நிக்காது, கீழே யாராவது இருந்தா உயிருக்கே ஆபத்து. தூக்கும்போதும் அப்படியே. கூச்சப்பட்டுகிட்டுத் தனியாத் தூக்கி இடுப்பைப் பிடிச்சுக்காதீங்க. பலகையும் போர்வையும் இருந்தாத் தரையோட தரையா இழுத்துடலாம்.

பெட்டிக்குப் பூட்டுப் போடுங்க, தப்பில்லை. அது உங்க சொந்த விஷயம். ஆனா பூட்டிட்டு ஆறு மாசம் மறந்துடாதீங்க. நடுவுல ஒரு தடவை லீவுல வந்து, திறந்து, கொஞ்சம் இடம் மாத்திப் படுக்க வச்சிட்டுப் போங்க. யாரும் பார்த்துடுவாங்களேங்கிற பயத்துல நான் பண்ணின மாதிரி பிளாஸ்டிக்ல இறுக்கிக் கட்டி மூலையில தள்ளிட்டீங்கன்னா, திரும்ப வரும்போது பணமும் போயிருக்கும், பொம்மையும் போயிருக்கும்.

நீங்க சிரிக்காம பதில் சொல்வீங்களான்னு கேட்டீங்க. முதல்ல சிரிச்சதுக்கு மன்னிச்சுக்குங்க. ஒரு பொருளைக் கெடுக்காம வச்சுக்கணும்னு நினைக்கிறவர் வெட்கப்பட ஒண்ணும் இல்லை. வெட்கப்பட்டுக் கேட்காம இருந்தவன் நான்தான். ஓவிய வாத்தியாராச்சே, எனக்குத் தெரியாததான்னு நினைச்சேன். சந்திரமதி முகம் போச்சு.

அவ இப்ப பரண்ல இல்லை. இந்த ஒலிப்பதிவு முடிஞ்சதும் என் தம்பி மகன் வர்றான். ரெண்டு பேருமாச் சேர்ந்து பலகையோட இறக்கி, பின்னறைக் கட்டில் மேல பெட்டியை வைக்கப் போறோம்னு சொல்ல வந்தேன், நேத்தே இறக்கிட்டோம். அரிச்சந்திரனும் பக்கத்துலயே படுத்திருக்கான், உடைஞ்ச கை ஒரு துணிப்பையில, பேர் எழுதின அட்டையோட. முகத்தைத் திரும்ப எழுதலை. மிச்சம் இருக்கிற வலது கண்ணையாவது காப்பாத்தணும். தை பிறந்ததும் திறந்து பார்த்துட்டு, எப்படி இருக்குன்னு உங்களுக்குச் சொல்றேன்.

உங்க வீட்டுலயும் பெட்டிக்குள்ள யாராவது படுத்திருந்தா, மழை விட்ட ஒரு நாள் பார்த்துத் திறந்து பாருங்க. கேள்வி இருந்தா எழுதுங்க. பேர் வேண்டாம்னா பேர் சொல்ல மாட்டேன். அடுத்த பகுதியில சந்திக்கலாம். வணக்கம்.